சீனி இல்லாத கோலாவும் காலண்டர் சீசனும்

டயட் கோலா, சீரோ சுகர் என்று பேச்செடுத்தால் எங்கள் பக்கத்தில் வரும் முதல் கேள்வி, "கேன்சர் வருமாமே?" என்பதுதான். பல் என்ன ஆகும், தூக்கம் என்ன ஆகும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு வந்த தொந்தரவெல்லாம் அந்த இரண்டில்தான் வந்தது.

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். டிசைனைச் சரிபார்த்து, கலர் பிரித்து, அச்சுப் பிளேட்டுக்கு அனுப்புவது என் வேலை. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதும் எங்களுக்கு சீசன் ஆரம்பித்துவிடும். டிசம்பர் கடைசி வரை ராத்திரி, பகல் பார்க்க முடியாது. மழை குறைந்த வறண்ட ஊர் என்பதால்தான் பட்டாசும் அச்சும் இங்கே வந்து உட்கார்ந்தன என்பார்கள். தொழிலுக்கு நல்லதுதான், உள்ளே வேலை செய்பவனுக்கு எந்நேரமும் தாகம். டீயும் பாட்டில் கலருமாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, 6.1 என்று வந்தது. 5.7க்குக் கீழே என்றால் கவலையில்லை, 6.5ஐத் தொட்டால் சுகர். அப்பாவுக்கு ஏற்கெனவே சுகர் உண்டு. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மொதல்ல கலர் குடிக்கிறத நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். அந்த இடத்துக்குச் சீனி இல்லாத கோலா வந்தது.

இந்த மாற்றத்தில் லாபமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாதாரண கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10.6 கிராம் சீனி. 300 மில்லி குடித்தால் 32 கிராம், அதாவது ஆறேழு டீஸ்பூன். ஒரு டம்ளர் டீயில் இவ்வளவு போட்டுக் கொடுத்தால் வாயில் வைக்க முடியாது. கோலாவில் புளிப்பும் குளிர்ச்சியும் அதை மறைத்துவிடுகின்றன. அந்தச் சீனி முழுவதும் உடம்புக்குள் போகாமல் நிற்கிறது என்றால் அது பெரிய விஷயம். தினமும் சீனிக் கலர் குடித்துவிட்டு, விடவும் முடியாமல் இருப்பவருக்கு, இடையில் கொஞ்ச காலம் டயட் பாட்டில் கையில் இருப்பதில் தப்பில்லை என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம்தான் கணக்கு இடிக்க ஆரம்பித்தது. 300 மில்லி கோலாவில் மிச்சமாவது 130 கலோரி சொச்சம். சாத்தூர் காராச்சேவு 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் இருக்கும். ராத்திரி வேலையில் பேப்பரில் கொட்டி வைத்த சேவை நான்கு பேர் அள்ளும்போது, ஒரு கை கூடுதலாக அள்ளினால் மிச்சம் பிடித்தது அங்கேயே காலி. நாங்கள் ஒரு கையோடு நிறுத்தும் ஆட்களும் இல்லை. "டயட்தானே குடிக்கிறோம்" என்ற நினைப்பு வந்துவிட்டால் எண்ணெய் பரோட்டாவில் ஒன்று கூடப் போகும், சால்னா இன்னொரு கரண்டி விழும். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தவர் பால்கோவா நீட்டினால் கை தானாக நீளும். ஒரு சீசன் முழுக்கச் சீனிக் கலர் தொடாமல் இருந்தும் எடை அசையவே இல்லை. பானம் செய்ய வேண்டியதைச் செய்தது, நான் அந்தப் பக்கம் வரவு வைத்ததை இந்தப் பக்கம் செலவழித்தேன், அவ்வளவுதான்.

என் ஒருவனின் கதை மட்டுமல்ல இது. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் சீனிக்கு மாற்றான இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. குறுகிய காலச் சோதனைகளில் எடை கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதுவும் சராசரியாக ஒரு கிலோவுக்கும் கீழே. பல வருடம் மக்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளிலோ, இவற்றை அதிகம் உட்கொள்கிறவர்களுக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுதலாகத் தெரிந்தன. பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்வும் இதய நோய் விஷயத்தில் அதே பக்கம்தான் கை காட்டியது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. யார் டயட் பாட்டிலை எடுக்கிறார்கள்? ஏற்கெனவே எடை கூடியவர்கள், வீட்டில் சுகர் உள்ளவர்கள், என்னைப்போல ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்தவர்கள். பத்து வருடம் கழித்து எங்களுக்குச் சுகர் வந்தால் பழியைப் பாட்டில் மீது போடுவதா, பாட்டிலை எடுக்க வைத்த காரணத்தின் மீது போடுவதா? ஆய்வாளர்களுக்கும் இது தெரியும், கணக்கில் கழித்துத்தான் பார்க்கிறார்கள். ஆனால் முழுசாகக் கழித்துவிட முடிவதில்லை. அதனால்தான் அந்த வழிகாட்டுதலையே நிபந்தனையோடு கூடிய பரிந்துரை என்றுதான் சொன்னார்கள். இன்னொன்று, ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகளில் இந்த வரி மட்டும் விழுந்துவிட்டது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, டீக்குச் சீனிக்குப் பதில் போடும் இனிப்பு மாத்திரையைத் தூக்கி எறிந்து சீனி டப்பாவைத் திறக்கப் போனார். தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது.

சரி, தூக்கத்துக்கு வருகிறேன். சீனி இல்லை என்றதும் மனசு அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துவிடுகிறது. கோலாவில் தூக்கத்தை விரட்டும் காஃபின் உண்டு என்பது மறந்தே போகிறது. அமெரிக்காவில் விற்கும் டயட் கோக் 355 மில்லி கேனில் 46 மில்லிகிராம் காஃபின். அதே அளவு சாதாரண கோக்கில் 34. டயட் வகையில் கூடுதல் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பாட்டில், இடையில் டீ, அப்புறம் இரண்டு மணிக்கு மிச்சமிருந்த பாதி. விடியற்காலை வீட்டுக்குப் போய்ப் படுத்தால் கண் மூடியிருக்கும், மூளை பிளேட் மாற்றிக்கொண்டிருக்கும். நைட் ஷிப்ட் என்றால் அப்படித்தான் என்று நானும் இருந்துவிட்டேன். சீசன் முடிந்து பகல் வேலைக்குத் திரும்பிய பிறகும் சாயங்காலம் பாட்டில் தொடர்ந்தது, தூக்கமும் வரவில்லை. அப்போதுதான் ஷிப்ட்டைத் திட்டுவதை நிறுத்தினேன். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும், கண்டதையும் தின்னத் தோன்றும். சுகர் எல்லையில் நிற்கிற ஒருவனுக்கு இது நல்லதில்லை.

பல் விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஒரு குளிர்காலத்தில் பச்சைத் தண்ணீர் குடித்தால் மேல் முன்பற்களில் சுள்ளென்று கூச்சம். சொத்தை என்று நினைத்துப் போனேன். பல் டாக்டர் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, "சொத்தை இல்ல, தேஞ்சிருக்கு" என்றார். புளிப்பாக எது சாப்பிடுவேன், எலுமிச்சை சப்புவேனா, நெஞ்செரிச்சல் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில்தான் கோலா வந்தது. "சீனி இல்லாததுதான் டாக்டர் குடிக்கிறேன்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "ஆசிட் இருக்குல்ல?" என்றார்.

இருக்கிறது. கோலாவில் பாஸ்பாரிக் அமிலம், எலுமிச்சை ஆரஞ்சு வகைகளில் சிட்ரிக் அமிலம். அமிலத்தை அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறைய அமிலம் கூடுதல். பல்லின் மேல்பூச்சான எனாமல் பிஎச் 5.5க்குக் கீழே போனால் கரையத் தொடங்கும். சாதாரண கோலா 2.5 பக்கம் இருக்கும், டயட் கோலா 3ஐ ஒட்டி. சீனியை எடுத்தால் சொத்தை பிடிக்கும் வாய்ப்பு குறையும், அது உண்மை. சொத்தையை உண்டாக்கும் கிருமிக்குச் சீனிதான் தீனி. ஆனால் தேய்மானத்துக்குக் கிருமி தேவையே இல்லை. அமிலம் நேராகப் பல்லில் வேலை செய்கிறது.

இதில் எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எப்படிக் குடிக்கிறோம் என்பதுதான் பெரிது. ஒரே மூச்சில் குடித்து முடித்தால் எச்சில் அரை மணி நேரம் போல எடுத்துக்கொண்டு வாயைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். நான் குடித்தது அப்படி இல்லை. மானிட்டர் பக்கத்தில் பாட்டிலை வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தைச் சரிபார்க்க ஒரு வாய், அடுத்த பக்கத்துக்கு ஒரு வாய். எச்சில் தன் வேலையை முடிக்கும் முன்பே அடுத்த வாய் போய்விடும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், ராத்திரி காவலுக்கு இருப்பவர்கள் எல்லோரும் குடிப்பது இப்படித்தான். இதற்கு மேல் நான் செய்த இன்னொரு வேலை, வாய் பிசுபிசுக்கிறதே என்று குடித்த கையோடு போய்ப் பல் தேய்த்தது. அமிலத்தில் இளகிய எனாமலை பிரஷ்ஷால் தேய்த்தால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. தண்ணீரில் கொப்பளி, தேய்ப்பதாக இருந்தால் ஒரு மணி நேரம் போகட்டும் என்றார். குடித்தே ஆக வேண்டும் என்றால் சாப்பாட்டோடு குடி, ஸ்ட்ரா போட்டுக் குடி, வாயில் வைத்துக் குதப்பாதே. போன எனாமல் திரும்ப வளராது. பல் கூச்சத்துக்கான பேஸ்ட்டில் இப்போது ஓடுகிறது.

கேன்சர் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். அதைக் கேட்டவர்களில் ஒருவர் எங்கள் மெஷின்மேன் அண்ணாச்சி. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் உள்ள புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியை 2பி பிரிவில் வைத்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆனால் ஆதாரம் குறைவு என்று அதற்கு அர்த்தம். அதே 2பியில் சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கிறது. அண்ணாச்சி இதை என்னிடம் விசாரித்தபோது அவர் கன்னத்தில் பாக்கு ஒதுங்கியிருந்தது. பாக்கு அதே முகமையின் முதல் பிரிவில், புகையிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் பட்டியல் அது. சொன்னேன். துப்பிவிட்டு வந்தார். அன்றைக்கு மட்டும்.

முகமை பார்த்தது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை. எவ்வளவு சாப்பிட்டால் கெடுதி என்பதை வேறொரு நிபுணர் குழு பார்த்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பே போதும் என்றது. 70 கிலோ ஆளுக்கு 2,800 மில்லிகிராம். ஒரு கேனில் 200 முதல் 300 மில்லிகிராம் என்று வைத்தால், வேறு எதிலிருந்தும் அஸ்பார்டேம் வராத பட்சத்தில் தினமும் 9 முதல் 14 கேன் தாண்ட வேண்டும். எங்கள் சீசன் உச்சத்தில்கூட நான் அங்கே போகவில்லை. 20 கிலோ எடையுள்ள பையனுக்கு இதே கணக்கைப் போட்டால் மூன்று நான்கு கேனில் வரம்பு வந்துவிடும். "சீனி இல்ல, புள்ளைக்குக் குடுக்கலாம்" என்று வாங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இந்தப் பயம் புதிதும் அல்ல. குச்சி ஐஸில் சாக்ரின் போடுகிறான், தின்னாதே என்று பாட்டி விரட்டிய காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது என்று 1977 வாக்கில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சாக்ரினுக்குப் பெரிய எதிர்ப்பு. பிறகு அது எலிகளின் உடம்பில் மட்டும் நடக்கும் ஒரு காரியம் என்று தெரிந்து, 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா எச்சரிக்கை வாசகத்தை எடுத்துவிட்டது. அதே சாக்ரின் இப்போது வேறு வழியில் திரும்பி வந்திருக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2022இல் 120 பேரை வைத்துச் செய்த சோதனையில், சாக்ரினோ, சுக்ரலோஸ் என்ற இன்னொரு இனிப்பூட்டியோ எடுத்தவர்களிடம் இரண்டு வாரத்திலேயே குளுக்கோஸை உடல் கையாளும் விதம் மாறியது. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் மாறியதுதான் காரணமாகத் தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி மாறவில்லை, ஆளுக்கு ஆள் வேறுபட்டது. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது இதுதான். 'கலோரி இல்லை, எனவே உடம்புக்குத் தெரியவே தெரியாது' என்று நம்பிக்கொண்டிருந்ததில் ஓட்டை விழுந்திருக்கிறது.

லேபிள் பற்றி நான் பேசாமல் இருக்க முடியாது, தொழில் அப்படி. ஜூஸ், சர்பத் லேபிள்கள் எங்கள் மேஜைக்கு வரும்போது முன்பக்கம் பழத்தின் படத்துக்கு எவ்வளவு மெனக்கெடுகிறார்களோ, அவ்வளவுக்குப் பின்பக்கத்தை ஒடுக்குவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பின்பக்கத்தைத்தான். பொருள்கள் வரிசையில் 950 என்று இருந்தால் அசிசல்ஃபேம் பொட்டாசியம், 951 அஸ்பார்டேம், 954 சாக்ரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா, எல்லாமே இனிப்பூட்டிகள். பெரும்பாலும் இரண்டைக் கலந்து போடுவார்கள், ஒன்றின் பின்கசப்பை மற்றது மறைக்கும். 338 என்றால் பாஸ்பாரிக் அமிலம், 330 சிட்ரிக் அமிலம். 'டயட்' என்றே எழுதாத சில பாட்டில்களிலும், சீனியைக் குறைத்துவிட்டு மீதியை 955ஆல் நிரப்பியிருப்பார்கள். குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்ற வரியும் எங்காவது பொடி எழுத்தில் இருக்கும். பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது என்பதும் இருந்தால் அதில் அஸ்பார்டேம் நிச்சயம். அந்தக் கோளாறு அபூர்வம், ஆனால் உள்ளவர்களுக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை.

வெயிலில் அடுக்கி வைத்த டயட் பாட்டில் சப்பென்று இருந்தால் அதற்கும் காரணம் உண்டு. அஸ்பார்டேம் சூட்டில் உடையும், இனிப்பு போய்விடும். சாப்பிட்டால் ஆபத்தில்லை, காசுதான் தண்டம். அஸ்பார்டேமைக் கண்டுபிடித்ததே ஒரு தற்செயல்தான். 1965இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் என்ற வேதியியலாளர் வயிற்றுப்புண் மருந்துக்கான வேலையில் இருந்தபோது, காகிதம் எடுக்க விரலை நக்கியிருக்கிறார், இனித்திருக்கிறது. எங்கள் பைண்டிங் பிரிவில் நாள் முழுக்க எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், எங்களுக்கு மை மட்டும்தான் கிடைக்கிறது.

விடுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரே நாளில் நிறுத்தியபோது மறுநாள் மத்தியானம் தலைவலி பிடித்தது, பின்மண்டையில் ஆரம்பித்துக் கண்ணுக்கு வந்தது. இனிப்பூட்டியின் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். அது காஃபின் நின்றதால் வருவது. சில நாளில் தானாகப் போகும், ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கலாம். இரண்டாம் முறை படிப்படியாகக் குறைத்தேன், தலைவலி வரவில்லை. சாயங்காலத்துக்கு மேல் கோலா இல்லை என்பதுதான் முதல் படி. பாட்டிலை மேஜையில் வைப்பதில்லை என்பது அடுத்தது, அதற்குப் பதில் தண்ணீர்ப் பாட்டில். நுரை வேண்டும் என்று நாக்கு கேட்டால் வெறும் சோடா. சில வாரங்களில் டீக்கடையில் வழக்கமான டீயே பாயசம் மாதிரி இனிக்க ஆரம்பித்தது, "சீனி கம்மி" என்று சொல்லிக் குடிக்கிறேன். டயட் கோலா குடித்த காலமெல்லாம் நாக்கு பழைய இனிப்பிலேயேதான் நின்றது, ஒரு படிகூட இறங்கவில்லை. இப்போதும் கல்யாண வீட்டில் பிரியாணியோடு ஒன்று குடிப்பேன். அதற்காகக் குற்ற உணர்ச்சி எல்லாம் கிடையாது.

வீட்டில் சுகர் நோயாளி இருப்பவர்களுக்கு ஒன்று பாக்கி. பங்குனிப் பொங்கல் சமயம், அப்பா காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய், கூட்டத்தில் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போய்த் திரும்பினார். சட்டை முழுக்க வேர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல். அவர் போடுவது கிளிமிபிரைடு, சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். லோ சுகருக்குக் கலர் கொடுக்கலாம் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்து, அம்மா பிரிட்ஜில் இருந்த பாட்டிலை எடுத்து டம்ளரில் ஊற்றினார். அது நான் வாங்கி வைத்த சீரோ. பக்கத்து வீட்டு நர்ஸ் நல்லவேளையாக உள்ளே வந்தார். "அக்கா, இதுல சீனியே கெடயாது, இதக் குடுத்து என்ன செய்ய?" என்று தட்டிவிட்டு, மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் ஆள் தெளிந்தார்.

ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடி. சீனி உள்ள சாதாரணக் கலர் என்றால் 150 மில்லி போதும். டயட், சீரோ எதுவும் இந்த நேரத்துக்கு உதவாது. வோக்ளிபோஸ், அகார்போஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சீனியே மெதுவாகத்தான் ஏறும், குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்க வேண்டும். நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும். அப்பாவின் சட்டைப் பையில் இப்போது எந்நேரமும் ஒரு சின்ன குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. லோ சுகர் வராத நாளிலும் அது எப்படியோ குறைந்துகொண்டே வருகிறது. அம்மா வாரம் ஒருமுறை எண்ணிப் பார்த்துச் சண்டை போடுகிறார்.